கேஜில் கோளாறா? எர்த்திலிருந்து தேடத் தொடங்குங்கள்

பூஸ்ட், ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், வோல்ட் என்று காரில் தனியாக வாங்கிப் பொருத்தும் ஒளிரும் கேஜ்களில் (அளவு காட்டும் மீட்டர்களில்) தகராறு வந்தால் பலரும் முதலில் கேஜைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் கேஜ் தானாகக் கெட்டுப்போவது குறைவு. எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) எடுத்த இடம், வெளிச்சத்துக்குக் கரண்ட் எடுத்த இடம், வயரை வயரோடு இணைத்த முறை ஆகியவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும். மூன்றையும் அளந்தே கண்டுபிடித்துவிடலாம். அளக்காமல் வயர்களை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதுதான் நல்ல கேஜையும் கெடுக்கும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு பக்கமும் வயர் நீட்டிய 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, 0.5 சதுர மி.மீ. வயர், வளைய டெர்மினல்கள், உள்ளே பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், துணி டேப், 1 முதல் 3 ஆம்ப் வரையிலான ஃபியூஸ்கள் இருந்தால் போதும். சிங்கப்பூரில் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் கடைகளில் இப்படிப்பட்ட மின்சாமான்களைச் சில்லறையாகவே வாங்கலாம். வீட்டு வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண பிவிசி டேப்பை டேஷ்போர்டுக்குள் சுற்ற வேண்டாம். வெட்டவெளியில் நிற்கும் காரின் டேஷ்போர்டு நம் ஊர் வெயிலில் கொதிக்கும். டேப்பின் பசை உருகி வழிந்து, சில மாதங்களில் இணைப்பு வெறுமையாகிவிடும்.

வயரை வெட்டும்போதும் இணைக்கும்போதும் பேட்டரியின் மைனஸ் கழன்றிருக்க வேண்டும். கழற்றியபின் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருங்கள்; ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் அதற்குள் இறங்கிவிடும். மஞ்சள் நிறக் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட வயர் என்றால் அது ஏர்பேக்குடையது. அதில் மல்டிமீட்டரை வைக்கக்கூடாது, பல்பையும் வைக்கக்கூடாது. அளக்கும் வேளையில் மட்டும் பேட்டரியை மீண்டும் மாட்டுங்கள்.

எந்த வயர் எதற்கு

முள்ளைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் உள்ள எலக்ட்ரானிக் கேஜ் என்றால் பொதுவாக நான்கு வயர் வரும்: எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பேட்டரி வயர், சாவி போட்டால் வரும் இக்னிஷன் வயர், பார்க்கிங் லைட் போட்டால் வரும் இல்லுமினேஷன் வயர், எர்த். நிறத்தை நம்பி இணைப்பது ஆபத்து. டெஃபி என்ற ஜப்பானியக் கம்பெனியின் கேஜ்களில் சிவப்பு பேட்டரிக்கும், ஆரஞ்சு இக்னிஷனுக்கும், வெள்ளை இல்லுமினேஷனுக்கும், கறுப்பு எர்த்துக்கும் போகும். வேறு கம்பெனி கேஜில் அதே வெள்ளை வேறு வேலை செய்யலாம். பெட்டிக்குள் வரும் தாள்தான் சரியான சாட்சி. ஜெர்மானியக் கார்களின் வயரிங் படத்தில் இவற்றை எண்களால் குறிப்பார்கள்: 30 என்பது பேட்டரி, 15 இக்னிஷன், 58 விளக்கு, 58டி டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வழியாக வரும் விளக்கு, 31 எர்த்.

காரின் பக்கத்திலும் இதே நான்கைத் தேட வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலேயே வைத்து அளந்தால் குழப்பம் வராது. நல்ல பேட்டரி, இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை இருக்கும். இக்னிஷன் வயரைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தால், ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் கரண்ட் சுத்தமாக அறுந்து மறுபடி வந்தால் அது இக்னிஷன் அல்ல, ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் ஏசிசி. ஏசிசியில் மாட்டிய கேஜ் சாவி போட்டதும் ஒருமுறை முள்ளை முழுச்சுற்று ஓட்டும், ஸ்டார்ட் ஆனபின் மறுபடியும் ஓட்டும். காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முள் அப்படிச் சுற்றினால் காரணம் வேறு. இக்னிஷன் வயரோ எர்த்தோ எங்கோ நொடிப்பொழுது விட்டுப்போகிறது. இணைப்புகளை ஒவ்வொன்றாக லேசாக இழுத்து, ஆட்டிப் பாருங்கள்.

பேட்டரி வயரும் இக்னிஷன் வயரும் இடம் மாறியிருந்தாலும் கேஜ் வேலை செய்யும். அதனால்தான் இந்தத் தவறு எளிதில் தெரியாது. சாவியை எடுத்தபின்னும் கேஜ் அணையாமல் இருப்பது, தேர்ந்தெடுத்த நிறமும் உச்ச அளவும் ஒவ்வொரு முறையும் மறந்துபோவது, மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுவது எல்லாம் இதன் அடையாளங்கள். பேட்டரி மைனஸுக்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்ப் அளவில் தொடராக வைத்து, கதவுகளைப் பூட்டி அரைமணி நேரம் விட்டபின் பாருங்கள். 50 மில்லியாம்புக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தால் கேஜின் ஃபியூஸைப் பிடுங்கி, எண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் குற்றவாளி கேஜ் அல்ல. நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமரா போன்ற வேறொன்றாக இருக்கலாம். மல்டிமீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

எர்த்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கேஜ், விளக்கு, ஏர்கான், ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை கேஜின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.3, 0.5 என்று காட்டினால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில் அடைப்பு இருக்கிறது. அந்தக் கேஜ் எந்த அளவைக் காட்டினாலும் நம்ப முடியாது.

ஓம் அளவில் மட்டும் வைத்துப் பார்த்து, 'எர்த் இருக்கிறது' என்று முடிவுகட்டுவது போதாது. வயரின் பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். பிளஸ் பக்கத்துக்கும் இதே விதி. வயரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் கேஜ் வேலை செய்யவில்லை என்றால் அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வாட் பல்பை மாட்டுங்கள். பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்ப் இழுக்கும். வோல்டேஜ் சரிந்து பல்பு மங்கினால் இணைப்பில்தான் கோளாறு. இன்ஜின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் மட்டும் இந்தப் பல்புச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஹெட்லைட் போட்டதும் ஆயில் பிரஷர் முள் இறங்கினாலோ ஏறினாலோ, வேறெதையும் தேடவே வேண்டாம், அது எர்த்தேதான். விளக்கின் கரண்டும் சென்சாரின் சிக்னலும் ஒரே மோசமான எர்த் வழியாகத் திரும்புகின்றன. தானியங்கி ஹெட்லைட் உள்ள கார்களில் இது கேபிஇ, எம்சிஇ விரைவுச்சாலைகளின் சுரங்கப்பாதைக்குள் நுழையும் கணத்தில் நன்றாகத் தெரியும்: விளக்கு தானாக எரியும், முள் ஒரு கோடு நகரும். ஏர்கான் கம்ப்ரஸரோ ரேடியேட்டர் ஃபேனோ தொடங்கும்போது முள் துள்ளுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே.

டேஷ்போர்டுக்குள் கண்ணில் படும் ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் மாட்டுவது பரவலான பழக்கம். அங்குள்ள பல தகடுகள் பிளாஸ்டிக்கில் திருகப்பட்டவை அல்லது பெயிண்ட் அடித்தவை. காரின் உலோக உடலோடு சேர்ந்த போல்ட்டைத் தேடுங்கள். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், கார் கம்பெனியே எர்த்துக்குப் பயன்படுத்திய போல்ட் பெரும்பாலும் அங்கே இருக்கும். தொடும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, வளைய டெர்மினலை நேராக உலோகத்தில் வைத்து, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். மூன்று கேஜ் இருந்தால் மூன்று எர்த்தையும் தனித்தனியாக அந்த ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கேஜின் முதுகிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று சங்கிலியாகப் போட்டால் கடைசிக் கேஜ்தான் எப்போதும் தவறாகக் காட்டும்.

நீல நிற அல்லது சிவப்பு நிறக் கிளிப்பை வயர்மேல் கவ்வ வைக்கும் இணைப்பு வேலையைச் சுருக்கும். ஆனால் அதன் கத்தி சில இழைகளை வெட்டிவிடும். மீதி இழைகள் நம் ஊரின் ஈரக்காற்றில் பச்சை பூக்கும். பொருத்திய அன்று சரியாக வேலை செய்த கேஜ் ஓராண்டுக்குப் பின் விட்டுவிட்டு எரிவதற்கு இது முக்கியக் காரணம். உறையைச் சீவி, வயரைச் சுற்றிச் சால்டர் செய்யுங்கள் அல்லது அழுத்தி இறுக்கும் நல்ல கிரிம்ப் போடுங்கள். அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க். சால்டர் செய்த இடத்துக்குப் பக்கத்தில் வயர் ஆடாதபடி கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் ஒடியும்.

விளக்கு எரியவில்லை, மங்குகிறது, துடிக்கிறது

எல்இடியில் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. பழைய கேஜின் சிறு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டபின் எரியவில்லை என்றால், சாக்கெட்டை எடுத்து 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். தனி எல்இடியைச் சொந்தமாகச் சால்டர் செய்கிறவர்கள் ரெஸிஸ்டரை 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போடுவார்கள். ஓடும் காரில் 14.4 வரை வரும். வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.2 வோல்ட் எடுக்கும். மீதி 11.2 வோல்ட்டை 20 மில்லியாம்பில் இறக்க 560 ஓம், அரை வாட் ரெஸிஸ்டர் வேண்டும். இரவில் அந்த வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தினால் 1 கிலோஓம் போடுங்கள், கரண்ட் பாதிக்குப் பக்கத்தில் இறங்கும்.

விளக்கை அணைத்த பின்னும் எல்இடி மங்கலாக மினுங்கினால் காரின் விளக்குச் சர்க்யூட்டிலிருந்து சிறிது கரண்ட் கசிகிறது. கேஜின் இல்லுமினேஷன் வயருக்கும் எர்த்துக்கும் குறுக்கே 1 கிலோஓம், அரை வாட் ரெஸிஸ்டர் ஒன்றை வைத்தால் நின்றுவிடும்.

ஹெட்லைட் போட்டால் கேஜ் வெளிச்சம் குறைகிறது என்று புகார் சொல்கிறவர்கள் தாளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பல எலக்ட்ரானிக் கேஜ்கள் பகலில் முழு வெளிச்சத்தில் எரிந்து, இல்லுமினேஷன் வயரில் 12 வோல்ட் வந்ததும் இரவுக்காகத் தாமே மங்கும். அது கோளாறு அல்ல. சிங்கப்பூரில் இரவு 7 முதல் காலை 7 மணி வரை ஹெட்லைட் போட வேண்டும் என்பதால் காலையில் அதற்கு முன்பே வெளிச்சம் வந்தபின்னும் கேஜ் மங்கலாகவே இருக்கும். அது உறுத்தினால் இரவு வெளிச்சத்தின் அளவை கேஜின் பட்டனில் கூட்டிக்கொள்ளலாம்.

உண்மையான தலைவலி டிம்மர்தான். ஹோண்டா, சுபாரு, டோயோட்டா பழைய மாடல்கள் பலவற்றில் டிம்மர் மைனஸ் பக்கத்தில் இருக்கும். அதாவது சுவிட்ச் விளக்கின் ஒரு வயரில் பார்க்கிங் லைட் போட்டதும் 12 வோல்ட் நிலையாக வரும். இன்னொரு வயர் நேராக எர்த்துக்குப் போகாமல் டிம்மர் வழியாகப் போகும். அந்த இரண்டாவது வயரை எர்த் என்று நினைத்து கேஜின் கறுப்பு வயரை அதில் மாட்டிவிட்டால், டிம்மரைத் திருகும்போதெல்லாம் முள்ளும் சேர்ந்து நகரும். கண்டுபிடிக்க வழி எளிது. விளக்கைப் போட்டு, இரண்டு வயரையும் பேட்டரி மைனஸோடு வைத்து அளந்துகொண்டே டிம்மரை முழுவதும் திருகுங்கள். எண் மாறாதது பிளஸ், மாறுவது டிம்மர் பக்கம். கேஜின் இல்லுமினேஷன் வயர் பிளஸுக்கு, கறுப்பு உடல் எர்த்துக்கு. விளக்குக்கு மட்டும் தனியாக இரண்டு வயர் உள்ள பல்பு வகைக் கேஜில் மட்டும், அந்த இரண்டையும் காரின் இரண்டு விளக்கு வயர்களோடு இணைத்து, டிம்மரோடு சேர்ந்தே மங்க வைக்கலாம்.

புதிய கார்களில் டிம்மர் வோல்டேஜைக் குறைப்பதில்லை. கரண்டை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. இதைத்தான் பிடபிள்யூஎம் என்கிறார்கள். மல்டிமீட்டர் அதைச் சராசரியாக 6, 7 வோல்ட் என்று காட்டும். கேஜோ துடிக்கும், அல்லது இரவா பகலா என்று முடிவுசெய்ய முடியாமல் மாறிமாறி எரியும். அந்த வயரை விட்டுவிட்டு, டிம்மருக்கு முன்னால் உள்ள பார்க்கிங் லைட் கரண்டை எடுங்கள். பல ஜப்பானியக் கார்களில் ஃபியூஸ் பெட்டி மூடியில் 'டெயில்' என்று குறித்திருப்பது அதுதான். ஐரோப்பியக் கார்களில் பல்பு போய்விட்டதா என்று கம்ப்யூட்டரே கண்காணிப்பதால், டெயில் லைட் வயரைத் தொட்டால் எச்சரிக்கை வரக்கூடும். அங்கே இல்லுமினேஷன் வயரை இணைக்காமல் விட்டு, வெளிச்சத்தை கேஜின் பட்டனில் நிலையாக வைப்பதே நல்லது.

ஈஎல் தகடுகள்

காரின் சொந்த மீட்டருக்கு மேல் ஒட்டும் நீல, பச்சை ஒளிர் தகடுகள் வேறு ரகம். ஈஎல் (எலக்ட்ரோலுமினெசென்ட்) எனப்படும் இந்தத் தகடு 12 வோல்ட்டில் எரியாது. கூட வரும் சிறு இன்வெர்ட்டர் அதை ஏறக்குறைய 100 வோல்ட் ஏசியாக மாற்றுகிறது. கரண்ட் ஓடும்போது அந்தப் பட்டை வயரைத் தொட்டால் நன்றாகவே அடிக்கும். தகடு இணைக்காமல் இன்வெர்ட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுக்கக்கூடாது, எரிந்துபோகும்.

தகட்டின் பாதி மட்டும் ஒளிர்ந்தால் பட்டை வயர் மடிந்து உள்ளே முறிந்திருக்கும், அதை ஒட்டவைக்க முடியாது. ரேடியோவில் இரைச்சல் வந்தால் இன்வெர்ட்டரை ஆன்டெனா வயரிலிருந்தும் ஆடியோ வயர்களிலிருந்தும் தள்ளி நகர்த்துங்கள். துடித்தாலோ ரீங்காரமிட்டாலோ அதை டிம்மர் வயரில் மாட்டியிருக்கிறீர்கள். நான்கு முனை ரிலே ஒன்று போடுங்கள்: 85 எர்த்துக்கு, 86 பார்க்கிங் லைட் ஃபியூஸுக்கு, 30 இல் 2 ஆம்ப் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87 இலிருந்து இன்வெர்ட்டர். ரிலேயின் 86 ஐயும் டிம்மருக்குப் பின்னால் உள்ள வயரில் மாட்டினால் ரிலேயே படபடக்கும்.

சென்சார் பக்கம்

ஒற்றை வயர் சென்சார் இன்ஜின் உடலையே எர்த்தாகப் பயன்படுத்துகிறது. மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் அந்த எர்த் அறுந்துபோகும். சென்சாரின் உலோக உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மரையையும் பாருங்கள். அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, ஜப்பானிய 1/8 பிடியில் 28 மரை. ஒன்று மற்றொன்றில் முதல் சில சுற்று ஏறும், பிறகு மரையைக் கெடுத்து ஆயில் கசியும்.

ரெஸிஸ்டன்ஸ் வகை டெம்பரேச்சர் சென்சார் சூடேறச் சூடேற ஓம் குறையும். ஆகவே முள் அடியிலேயே கிடந்தால் சிக்னல் வயர் அறுந்திருக்கும். உச்சியில் ஒட்டிக்கொண்டால் வயர் எங்கோ உடலில் உராய்ந்து ஷார்ட் ஆகியிருக்கும். பிரஷர் சென்சாரில் இதை அப்படியே வைத்துப் பார்க்கக்கூடாது. ஐரோப்பிய வகை சுழியத்தில் 10 ஓம், முழு அளவில் 180 ஓமுக்குப் பக்கம். அமெரிக்க வகை சுழியத்தில் 240, முழு அளவில் 33. ஒரு வகைக் கேஜில் இன்னொரு வகைச் சென்சாரை மாட்டினால் வயரிங் எல்லாம் சரியாக இருந்தும் முள் தலைகீழாக ஓடும். மூன்று வயர் சென்சார் என்றால் 5 வோல்ட், எர்த், சிக்னல். பல பிரஷர் சென்சார்களில் இன்ஜின் நின்றிருக்கும்போது சிக்னல் 0.5 வோல்ட்டும், முழு அளவில் 4.5 வோல்ட்டும் இருக்கும். இந்த வயர்களை எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழைய சோதனையை இங்கே செய்யவே கூடாது.

ஃபியூஸ்

பழைய ஃபியூஸ் இருந்த இடத்திலிருந்தே, தனி ஃபியூஸோடு, கேஜுக்குக் கரண்ட் எடுத்துத் தரும் இரட்டை ஃபியூஸ் ஹோல்டரை ஃபியூஸ் பெட்டியில் செருகும்போது அதற்கும் ஒரு திசை உண்டு. பழைய ஃபியூஸைப் பிடுங்கி, இரண்டு துளையில் எதில் 12 வோல்ட் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஹோல்டரின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளைக்குள் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேஜ் வேலை செய்யும், ஆனால் அதன் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும். கேஜில் ஷார்ட் ஆனால் இரண்டும் சேர்ந்து போகலாம். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களிலிருந்து எடுக்காதீர்கள். கேமரா பொருத்தியவர் ஏற்கெனவே எடுத்துள்ள ஃபியூஸையும் விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ் போட்டதும் போய்க்கொண்டே இருந்தால், பெரிய ஃபியூஸ் போடுவது தீயில் முடியும். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். கேஜ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயரைத் தடவிக்கொண்டே போங்கள். பல்பு மங்கும் இடத்தில்தான் ஷார்ட். ஏ-பில்லர் (முன்கண்ணாடியின் பக்கத் தூண்) மூடியின் கிளிப் வயரைக் கடித்திருக்கும், அல்லது இன்ஜின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலின் தகட்டு விளிம்பு உறையைச் சீவியிருக்கும். ஏ-பில்லருக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால் மட்டுமே போகலாம், குறுக்கே போகக்கூடாது.

மூடிகளை மாட்டும் முன்

2023 நவம்பரில் மாற்றத் தொடங்கிய புதிய இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) கருவியான ஓபியுவின் வயர்களும், பல கார்களில் அதன் பெட்டியும், முன்பயணியின் காலடிப் பக்கம் இருக்கும். அவற்றிலிருந்து கரண்டோ எர்த்தோ எடுக்காதீர்கள், அவற்றோடு சேர்த்து வயரைக் கட்டவும் வேண்டாம். கேஜ் பொருத்திய பிறகு ஓபியு மாட்டப்பட்டிருந்தால், எர்த் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள். பொருத்தும்போது பக்கத்து மூடிகள் கழன்றிருக்கும், வயர் இழுபட்டிருக்கலாம்.

மூடிகள் திறந்தே இருக்க, இன்ஜின் முழுச்சூடு ஏறும்வரை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பெடல்களை மிதித்து, வயர் எதிலும் சிக்கவில்லை என்று பாருங்கள். காரின் சொந்த ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் எச்சரிக்கை விளக்குகள் ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். 3 முதல் 10 வயது வரையிலான கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், அணையாத விளக்கு ஒன்று இருந்தால் அதை இப்போதே, மூடிகள் கழன்றிருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.